ஒரு கிளிக்குக்கு 24 விநாடி: ஹவாய் மருத்துவமனைகள் வெட்டி வேலையைக் களையெடுத்த விதம்

பதின்வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஒருவர், பரிசோதனை விவரங்களைக் கணினியில் ஏற்றும்போதெல்லாம் ‘கொடி’ என்ற ஒரு வரியைக் கடந்து போக வேண்டியிருந்தது. கொடி என்றால் தொப்புள்கொடி. பிறந்த குழந்தைக்கு அது காய்ந்துவிட்டதா, புண்ணாகியிருக்கிறதா என்று குறிப்பதற்காக எப்போதோ யாரோ சேர்த்த வரி. வயது பார்த்துக் காட்டவும் மறைக்கவும் படிவத்துக்குத் தெரியாததால், மீசை அரும்பிய பையனுக்கும் அதே வரி வந்து நின்றது. இது அபத்தம் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். யாரிடம் சொன்னால் எடுப்பார்கள் என்பதுதான் தெரியாது.

இது நடந்தது அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில், ஹவாய் பசிபிக் ஹெல்த் என்ற லாப நோக்கற்ற மருத்துவமனைக் குழுமத்தில். ஹொனலுலுவில் கபியோலானி, ஸ்ட்ராப். அதே ஓவாஹு தீவில் ஐயேவில் பாலி மோமி. காவாய் தீவில் வில்காக்ஸ் என்று அதற்கு நான்கு மருத்துவமனைகள். 2017 அக்டோபரில் ஊழியர்கள் அனைவரிடமும் ஒரு கேள்வி வைத்தார்கள்: தினமும் கணினியில் பதியும் வேலையில் சரியாக வடிவமைக்கப்படாதது, தேவையில்லாதது, வெறும் முட்டாள்தனமானது எது? எழுதி அனுப்புங்கள். திட்டத்தின் பெயரே ‘கெட்டிங் ரிட் ஆஃப் ஸ்டுப்பிட் ஸ்டஃப்’. நம் பேச்சில் சொன்னால், வெட்டி வேலையை ஒழிப்பது. குழுமத்தின் தர மேம்பாட்டுப் பொறுப்பில் இருந்த டாக்டர் மெலிண்டா ஆஷ்டன் 2018 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இதைப் பற்றிச் சுருக்கமாக எழுதினார். பணிச்சோர்வைக் குறைக்கப் பெரிய செலவில் நடக்கும் எத்தனையோ முயற்சிகளுக்கு நடுவே, எதையும் புதிதாகச் சேர்க்காமல் இருப்பதை எடுத்துப் போட்ட முயற்சி என்பதால் இதை விரிவாகப் பார்ப்பது பயன்படும்.

பின்னணி

பணிச்சோர்வு என்பது வெறும் களைப்பு அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்ப் பகுப்பின் 11ஆம் பதிப்பில் அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி ஒருவிதக் கசப்பு வருதல், ‘நான் செய்வதால் எதுவும் ஆகவில்லை’ என்ற எண்ணம். அதை நோயாக வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தில், சரியாகக் கையாளப்படாத நீண்டகால அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் வரையறுத்தது. நோய் என்றால் மருந்து ஊழியருக்கு. வேலையிடத்தின் நிலை என்றால் மருந்து வேலைக்கு.

அமெரிக்க மருத்துவமனைகளில் இந்தச் சோர்வின் முகம் பெரும்பாலும் கணினித் திரைதான். மின்னணு மருத்துவப் பதிவேட்டைக் கொண்டுவரும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை தரும் சட்டம் 2009இல் வந்தது. பதிவேடு வந்ததும், காசு கொடுக்கும் காப்பீட்டுக்காரர், தணிக்கை, வழக்கறிஞர், தரக் குழு என்று ஆளுக்கொரு கட்டத்தைப் படிவத்தில் சேர்த்தார்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வு 57 மருத்துவர்களைக் கூடவே இருந்து கவனித்தது. நோயாளியோடு நேருக்கு நேர் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பதிவேட்டுக்கும் மேசை வேலைக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனது. அது போதாதென்று வீட்டுக்குப் போன பிறகு இரவில் ஒன்றிரண்டு மணி நேரம். சோர்வின் அறிகுறி ஏதேனும் ஒன்றாவது இருந்த அமெரிக்க மருத்துவர்களின் பங்கு 2011இல் 45.5 விழுக்காடு, 2014இல் 54.4 விழுக்காடு என்று மேயோ கிளினிக் ஆய்வாளர்களின் கணக்கெடுப்புகள் காட்டின. எல்லாமே கணினியால் என்று சொல்ல முடியாது. ஆனால், படித்த படிப்புக்கும் செய்யும் வேலைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்த ஆண்டுகள் இவை.

மூன்று குவியல்

வந்த புகார்களை மூன்றாகப் பிரித்தார்கள். இந்தப் பிரிவினைதான் திட்டத்தின் உயிர்நாடி.

முதல் குவியல், யாரும் எண்ணிச் சேர்க்காமல் தவறுதலாக நுழைந்துவிட்டவை. ‘கொடி’ வரி இந்த வகை. இதற்குக் கூட்டம் போட்டுப் பேச எதுவும் இல்லை. வயது வரம்பு வைத்தால் வரி மறைந்துவிடும், அவ்வளவுதான். இரண்டாவது குவியல், தேவையான பதிவுதான், ஆனால் செய்யும் வழி சுற்றுவழி. குழந்தையின் ஈரத்துணி மாற்றியதைக் குறிக்கப் பல கிளிக் தேவைப்பட்டது இப்படிப்பட்டது. மூன்றாவது, கட்டாயமாகச் செய்ய வேண்டியது, ஆனால் ஏன் என்று ஊழியருக்குத் தெரியாதது. அல்லது சிஸ்டத்திலேயே இருக்கும் எளிய வழியை யாரும் சொல்லிக்கொடுக்காதது. இதற்கு மருந்து நீக்கம் அல்ல, விளக்கம்.

மூன்றையும் ஒரே தட்டில் வைத்தால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். முதல் குவியலை இரண்டு நாளில் முடிக்கலாம். இரண்டாவதற்கு மென்பொருள் ஆட்கள் வேண்டும், வாரக்கணக்காகும். மூன்றாவதற்கு விவரம் தெரிந்த ஒருவர் வார்டுக்கே போய் உட்கார்ந்து பேச வேண்டும். சட்டம் கேட்கிறது என்றால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று சொல்ல வேண்டும். ‘ஆடிட்டில் கேட்பார்கள்’ என்ற பதில் விளக்கம் ஆகாது. அதைச் சொல்பவருக்கே பல நேரம் ஆடிட்டில் உண்மையில் என்ன கேட்பார்கள் என்று தெரியாது. முன்பு இருந்தவர் சொன்னதை அவரும் சொல்கிறார்.

அந்த ஒரு கிளிக்

இந்தத் திட்டத்தில் அதிகம் பேசப்பட்டது மணிக்கொரு முறை ரவுண்ட்ஸ் போனதைப் பதியும் வேலை. மருத்துவமனை வார்டில் நர்ஸோ உதவியாளரோ மணிக்கொரு முறை ஒவ்வொரு படுக்கையாகப் போய்ப் பார்ப்பது நல்ல வழக்கம். வலி இருக்கிறதா, கழிப்பறைக்குப் போக வேண்டுமா, படுத்திருக்கும் நிலை சரியா, தண்ணீரும் அழைப்பு மணியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். நோயாளி தானாக எழுந்து கீழே விழுவது இதனால் குறையும். அழைப்பு மணி அடிப்பதும் குறையும்.

சிக்கல் ரவுண்ட்ஸில் இல்லை. ‘ரவுண்ட்ஸ் போனேன்’ என்று ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு மணிக்கும் சிஸ்டத்தில் குறிக்க வேண்டும் என்பதில் இருந்தது. ஒரு முறை குறிக்க ஏறக்குறைய 24 விநாடி ஆனது. நான்கு மருத்துவமனைகளிலும் சேர்த்து மாதத்துக்குச் சுமார் 1,700 நர்ஸ் மணி நேரம் இந்த ஒரு கிளிக்குக்குப் போனதாகக் கணக்கிட்டார்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பார்க்கலாம். 1,700 மணி நேரம் என்பது 61,20,000 விநாடி. 24ஆல் வகுத்தால் மாதத்துக்கு 2,55,000 பதிவு. ஒரு நாளைக்கு 8,500. ஒரு மணிக்கு 354. அதாவது எந்த நேரத்திலும் சுமார் 350 உள்நோயாளிகள். நான்கு மருத்துவமனைக்கும் சேர்த்து நம்பக்கூடிய எண்தான். இப்போது ஒரு நர்ஸின் பக்கமிருந்து பார்ப்போம். ஐந்து நோயாளி, 12 மணி நேர ஷிப்ட் என்றால் 60 பதிவு. 24 விநாடி வீதம் மொத்தம் 24 நிமிடம். சாப்பிடப் போகும் நேரம் அது.

விநாடியைவிடப் பெரிய இழப்பு கணக்கில் வராதது. ‘நான் போனேன்’ என்று பதிவதால் நோயாளிக்கு எந்தப் பலனும் இல்லை, போய்ப் பார்ப்பதால்தான் பலன். வேலை நெருக்கும் நாளில் நான்கு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கிளிக் செய்துவிடும் பழக்கம் எந்த வார்டிலும் வரும். அப்போது அந்தப் பதிவை நம்பி மேலிடம் எடுக்கும் முடிவும் பொய், அதைப் போட்ட நர்ஸின் மனத்திலும் ஒரு சின்ன உறுத்தல். ‘என்னை நம்பவில்லை, அதனால்தான் கையெழுத்து கேட்கிறார்கள்’ என்ற எண்ணம் மணிக்கொரு முறை புதுப்பிக்கப்படுகிறது. வேலையிலிருந்து மனம் விலகுவது இப்படித்தான் தொடங்கும். ஹவாயில் ரவுண்ட்ஸ் தொடர்ந்தது. பதிவு மட்டும் போயிற்று.

மற்றவை

அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர் கேட்டது: நோயாளி வீட்டுக்குப் போகும்போது தரும் சுருக்க அறிக்கையை அச்செடுத்து, அவரிடம் கையெழுத்து வாங்கி, அதே தாளை மறுபடி ஸ்கேன் செய்து அதே கணினிக்குள் ஏன் ஏற்றுகிறோம்? விசாரித்தார்கள், அதைத் தொடர்வதற்கு உருப்படியான காரணம் கிடைக்கவில்லை, நிறுத்தினார்கள்.

மருத்துவர் திரையில் அடிக்கடி குதித்து எழும் எச்சரிக்கைகளில் முதல் 12ஐ எடுத்து, அவற்றில் 10ஐ நீக்கினார்கள். யாரும் அவற்றை மதிக்கவில்லை என்பதுதான் காரணம். இதைப் படித்துவிட்டு அப்படியே செய்ய இறங்கினால் விபத்து நேரலாம். எச்சரிக்கையை எடுப்பதற்கு முன் இரண்டு எண்கள் வேண்டும்: நூறு முறை எழுந்தால் எத்தனை முறை ‘பரவாயில்லை’ என்று தள்ளிவிடுகிறார்கள் என்பது ஒன்று, தள்ளாத அந்தச் சில முறைகளில் அது தடுத்தது என்ன என்பது மற்றொன்று. தொண்ணூற்றெட்டு முறை தள்ளப்படும் எச்சரிக்கை, மிச்ச இரண்டு முறையும் நோயாளிக்கு ஒவ்வாத மருந்தைத் தடுத்திருந்தால் அதை நீக்கக் கூடாது. யாருக்கு, எப்போது எழ வேண்டும் என்பதைக் குறுக்க வேண்டும். எச்சரிக்கை குறைந்தால் மிச்சமுள்ளவற்றைக் கண் பார்க்கும். நீக்குவதன் நோக்கம் அதுதான்.

ஆஷ்டன் கட்டுரையில் ஒரு நிதானமான கவனிப்பு உண்டு: இன்று முட்டாள்தனம் என்று சொல்லப்படும் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ நல்லது என்று நினைத்துச் சேர்த்ததுதான். இந்த அடக்கம் இல்லாமல் திட்டத்தைத் தொடங்கினால், படிவத்தை உருவாக்கியவர் தன்னைத்தான் முட்டாள் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் காவல் நிற்பார்.

இது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை

இது ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த ஆய்வு அல்ல. 1,700 மணி நேரம் மிச்சமானது என்பதிலிருந்து, பணிச்சோர்வு இத்தனை புள்ளி குறைந்தது என்ற முடிவுக்கு யாரும் தாவக் கூடாது. அதற்கு மாஸ்லாக் அளவுகோல் போன்ற ஒன்றை முன்னும் பின்னும் வைத்து அளக்க வேண்டும். 22 கேள்விகள் கொண்ட அந்த அளவுகோல் மனச் சோர்வு, மனிதர்களிடமிருந்து விலகல், சாதித்த உணர்வு என்று மூன்றையும் தனித்தனியாக அளக்கும்.

ஆனாலும் திசை சரி என்பதற்குப் பிற சான்றுகள் இருக்கின்றன. மருத்துவர்களின் சோர்வைக் குறைக்கும் முயற்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், ஆளைத் திருத்தும் பயிற்சிகளைவிட வேலையின் அமைப்பை மாற்றிய முயற்சிகளுக்கே பலன் கூடுதல். 2024இல் வெளியான பிரிட்டன் ஆய்வு 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவை எடுத்துக்கொண்டது. மன உறுதிப் பயிற்சி, தியான வகுப்பு, நலச் செயலி போன்றவற்றில் சேர்ந்தவர்களின் மன நலம் சேராதவர்களைவிட மேலாக இல்லை. தியானத்தில் குறை காண்பதற்கில்லை. மணிக்கு ஐந்து முறை வெட்டி கிளிக் கேட்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு, மூச்சை இழுத்து விடு என்று சொல்வதில்தான் குறை.

ஈடுபாடு தனிக் கதை. சுமையைக் குறைத்தால் சோர்வு குறையலாம். அதனால் மட்டும் ஆர்வம் வந்துவிடாது. அதற்கு வேறு சத்து வேண்டும். மேயோ கிளினிக் 74 மருத்துவர்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2014இல் வெளியானது. பாதிப் பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் வேலை நேரத்திலேயே ஒதுக்கி, சிறு குழுக்களாக உட்கார்ந்து வேலையைப் பற்றிப் பேச வைத்தார்கள். ஒன்பது மாதம் நடந்தது. அந்தக் குழுவில் ஈடுபாடு கூடியது, நோயாளியை ஆளாகப் பார்க்காத விலகல் குறைந்தது. வேலை நேரத்திலேயே ஒதுக்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் வைத்திருந்தால் அதுவே இன்னொரு சுமை. ஹவாயின் திட்டம் ஈடுபாட்டைத் தொட்ட இடம் வேறு: தான் சொன்னதால் படிவம் மாறியதை நர்ஸ் தன் திரையிலேயே பார்க்கிறார்.

வேறு வேலையிடத்தில் செய்ய

மருத்துவமனைதான் என்று இல்லை. வங்கி, கல்லூரி, மென்பொருள் நிறுவனம் எதிலும் இதைச் செய்யலாம். புகார்ப் படிவத்தில் மூன்றே கேள்வி இருக்கட்டும். எந்தப் பதிவு, எத்தனை நேரம், ஏன் வெட்டி. பெயர் போடுவது அவரவர் விருப்பம். பத்துக் கேள்வி கேட்டால் அந்தப் படிவமே பட்டியலில் முதலிடம் பிடிக்கும். பிரித்துப் பார்க்க மூன்று பேர் போதும்: அந்த வேலையை இன்றும் கையால் செய்பவர் ஒருவர், மென்பொருளைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர் ஒருவர், சட்டமும் தணிக்கையும் தெரிந்தவர் ஒருவர். மேலாளர்கள் மட்டும் உட்கார்ந்த குழு எதையும் நீக்காது. அந்த அறிக்கைகளைக் கேட்டவர்களே அவர்கள்தானே.

அறிவித்த இரண்டு வாரத்துக்குள் முதல் குவியலிலிருந்து பத்தையாவது நீக்கி, எதை நீக்கினோம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். இதில் தாமதித்தால் மூன்றாம் வாரத்திலிருந்து புகார் வருவது நின்றுவிடும். புகார் இல்லாததால் சிக்கலும் இல்லை என்று எடுத்துக்கொள்ளும் மேலிடங்களும் உண்டு. நீக்க முடியாதவற்றுக்கும் பதில் போக வேண்டும், காரணத்தோடு.

எதை முதலில் தொடுவது என்பதற்கு விநாடி கணக்கு உதவும். ஒரு கற்பனை அலுவலகம்: 40 பேர், தினமும் மாலை எக்செல் அறிக்கை, ஆளுக்கு 12 நிமிடம், மாதம் 25 நாள். பெருக்கினால் 12,000 நிமிடம், அதாவது 200 மணி நேரம். ஓர் ஊழியரின் முழு மாத வேலை அது. நேரத்தை ஊகிக்கக் கூடாது. மூன்று ஊழியர்களின் பக்கத்தில் நின்று, ஆளுக்குப் பத்து முறை, செல்போனின் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தால் போதும். செய்பவர் சொல்லும் நேரம் கூடுதலாக இருக்கலாம், மேலாளர் சொல்வது குறைவாக இருக்கலாம்.

இடறும் இடங்கள்

எல்லாவற்றிலும் ஆபத்தானது மிச்சமான நேரத்தைக் காசாக்கப் பார்ப்பது. ஹவாயின் 1,700 மணி நேரத்தை, வாரம் 36 மணி நேரம் வேலை பார்க்கும் நர்ஸின் மாதக் கணக்கால் வகுத்தால் சுமார் 11 பணியிடம் வரும். செலவுக் கணக்குப் பார்ப்பவரின் கண்ணில் அந்த 11 உடனே விழும். ஆனால் அது 11 பேரின் நேரம் அல்ல. நூற்றுக்கணக்கானவர்களின் ஷிப்டில் 24 விநாடித் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் நேரம். ஆள் குறைத்தால் மிச்சமுள்ளவர்களுக்கு நோயாளி கூடும், மிச்சமான நேரம் காணாமல் போகும், அடுத்த முறை யாரும் வெட்டி வேலை எது என்று வாய் திறக்க மாட்டார்கள். மிச்ச நேரத்தில் புதுப் பதிவு ஒன்றை நுழைப்பதும் இதே வகைத் துரோகம்தான். தொடங்கும் முன்பே ‘இதைக் காட்டி ஆளும் குறையாது, வேலையும் கூடாது’ என்று எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது, வெளியேறும் வாசலைத் திறந்துவிட்டு நுழையும் வாசலை மறப்பது. மாதத்துக்கு ஐந்தை நீக்கி எட்டைச் சேர்த்தால் என்ன பயன்? புதிய கட்டம் கேட்பவர் பழையது ஒன்றை எடுக்கச் சம்மதிக்க வேண்டும் என்ற விதி சில இடங்களில் உதவும்.

இத்திட்டம் தொடவே முடியாதவையும் இருக்கின்றன. ஆள் பற்றாக்குறை, சம்பளத்தில் பாரபட்சம், கத்தும் மேலதிகாரி. பணிச்சோர்வை ஆராய்ந்த உளவியலாளர்கள் மாஸ்லாக்கும் லைட்டரும் சோர்வுக்கு ஆறு வாசல் சொன்னார்கள்: சுமை, தன் வேலைமீது பிடி, பலன், கூட இருப்பவர்கள், நியாயம், மதிப்பீடுகள். வெட்டி வேலையைக் களைவது சுமையையும் பிடியையும் நன்றாகத் தொடும், மதிப்பீடுகளைக் கொஞ்சம். நியாயம் இல்லாத இடத்தில் படிவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தால் ஊழியர்கள் சிரிப்பார்கள்.

எதை எடுத்தாலும், அதை வேறு பிரிவில் யாரேனும் பயன்படுத்துகிறார்களா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பில் போடும் பிரிவு ஒரு கட்டத்தை நம்பியிருக்கும், அது வார்டுக்குத் தெரியாது. உள் அறிக்கை என்றால் ஐடி பிரிவிடம் கடந்த ஆறு மாதத்தில் அந்தக் கோப்பை யார், எத்தனை முறை திறந்தார்கள் என்ற பதிவைக் கேட்கலாம். அனுப்பியவரைத் தவிர வேறு யாரும் திறக்காத கோப்புகளின் பட்டியல் வரும். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.